வேடந்தாங்கலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எப்போது போவது, எங்கே உட்காருவது, எதைப் பார்ப்பது

வேடந்தாங்கல் போய்த் திரும்பிய பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் போனோம், மரத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளிதான் தெரிஞ்சுது." அந்தப் புள்ளிகள்தாம் கூடு கட்டியிருந்த பறவைகள். பார்க்க வேண்டியதெல்லாம் அவர்கள் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. போன மாதம், போன நேரம், கையில் இருந்த கருவி, கரையில் நடந்த வேகம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று தப்பியிருக்கும். நான்கையும் எப்படிச் சரியாக அமைத்துக்கொள்வது என்று கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம்.

ஊரும் ஏரியும்

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் சின்ன விவசாய கிராமம் வேடந்தாங்கல். சரணாலயம் என்று நாம் போய்ப் பார்ப்பது அந்த ஊரின் பாசன ஏரியைத்தான். பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், நம் கணக்கில் 74 ஏக்கர். ஒரு பக்கம் உயர்ந்த ஏரிக்கரை, அதற்கு வெளியே நெல் வயல். ஏரிக்குள் தண்ணீரிலேயே நிற்கும் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும். இங்கே கடம்பு என்பது நீர்க்கடம்பு. மாதக்கணக்கில் அடிமரம் மூழ்கிக் கிடந்தாலும் அது அழுகாது. பறவைகளுக்கு இந்த ஏரி பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம். மரத்தைச் சுற்றி ஆழமாகத் தண்ணீர் நின்றால் பூனையோ கீரியோ நாயோ கூட்டுப்பக்கம் வர முடியாது.

இரண்டாவது காரணம் ஊர்க்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து நாரைகளைச் சுட்டார்கள். கிராமத்தார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இந்த ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1798-இல் ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-இல் அதைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். அரசு இதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-இல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. காட்டிலாகா என்ற ஒன்று உருவாவதற்கு வெகு காலம் முன்பே ஒரு கிராமம் தன் ஏரிப் பறவைகளுக்காகக் காகிதத்தில் உரிமை கேட்டு வாங்கியிருக்கிறது. கரையில் நின்று பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இதில் விவசாயிக்கும் நேரடி லாபம் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் மாதக்கணக்கில் தண்ணீரில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஏரித் தண்ணீர் பச்சையாகவும் கொஞ்சம் வாடையாகவும் இருப்பது இதனால்தான். முதல்முறை வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு "தண்ணியைச் சுத்தம் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்பதுண்டு. இந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும் என்பது ஊரின் அனுபவம். தீபாவளிக்கு இங்கே பட்டாசு வெடிப்பதில்லை. கூடு கட்டத் தொடங்கும் பறவைகள் சத்தத்துக்கு மிரண்டு இடத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக ஊரே எடுத்த முடிவு அது.

முதல் படி: ஏரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்

பயணத் தேதியை நாள்காட்டி பார்த்துக் குறிப்பதற்கு முன், மழையைப் பாருங்கள். வேடந்தாங்கல் ஏரி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பெய்கிற மழையும், மேலேயுள்ள ஏரிகளில் இருந்து கலங்கல் வழிந்து வாய்க்காலில் வரும் உபரித் தண்ணீரும்தான் இதை நிரப்புகின்றன. மழை பொய்த்தால் மரத்தடியில் தண்ணீர் இருக்காது. சுற்றுவட்டார ஏரி, குட்டை, வயல்களில் மீனும் நத்தையும் தவளையும் இருக்காது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பறவை தங்காது. நல்ல மழை ஆண்டில் முப்பதாயிரத்துக்கும் மேல் பறவைகள் கூடும் இதே ஏரி, வறண்ட ஆண்டில் வெறும் மரங்களோடு நிற்கும். அந்த ஆண்டில் போய்விட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டுவது ஏரிக்கு அநியாயம்.

நவம்பர், டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டச் செய்திகளைக் கவனித்தாலே ஏரி நிரம்பியதா என்பது தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இருக்கிறது என்று உறுதியானபின் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

நவம்பரில் நத்தைகுத்தி நாரைகள் முதலில் வந்து இடம்பிடிக்கும். குச்சி பொறுக்குவதும், நல்ல கிளைக்குச் சண்டை போடுவதுமாக மரம் முழுக்கப் பரபரப்பாக இருக்கும். டிசம்பரில் பெரும்பாலான கூடுகளில் அடைகாப்பு. அதனால் கொஞ்சம் அமைதியாகத் தெரியும். ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். குஞ்சுகள், இரை ஊட்டல், கூழைக்கடாக்களும் வர்ண நாரைகளும் கூட்டமாக இறங்குவது, எல்லாம் அப்போதுதான். மார்ச்சில் இளம்பறவைகள் கிளை கிளையாகத் தாவிச் சிறகடித்துப் பழகும். வெயில் ஏறினாலும் அந்த மாதத்தைத் தவறவிட வேண்டாம். ஏப்ரல் தாண்டினால் கூட்டம் கலைந்துவிடும்.

முதல்முறை என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை ஏதாவது ஒரு வார நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்றும் அதையொட்டிய விடுமுறை நாட்களிலும் போகவே வேண்டாம். கரை முழுவதும் மனிதத் தலையாக இருக்கும். உட்கார இடமும் கிடைக்காது, பறவைச் சத்தமும் கேட்காது.

இரண்டாம் படி: நேரம்

இங்கே பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது நேரத்தில்தான். காலை எட்டரைக்கு சென்னையில் டிபன் முடித்துக் கிளம்பினால் பதினோரு மணிக்குக் கரையில் நிற்பீர்கள். இரை தேடப் போகிறவை அதற்குள் போய்விட்டிருக்கும். மீதி இருப்பவை கூட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசும், தூரத்து மரங்கள் கானலில் நடுங்கும். நல்ல தொலைநோக்கி இருந்தாலும் அந்த நேரத்தில் பிம்பம் தெளியாது.

நுழைவு பொதுவாகக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. காலை 6 முதல் 9 வரை ஒரு காட்சி: விடிந்ததும் நீர்க்காகங்களும் கொக்குகளும் புறப்படும். கூழைக்கடாவும் வர்ண நாரையும் அவசரப்படாது. தரை சூடேறி, வெப்பக் காற்று மேலே எழும்பத் தொடங்கிய பிறகே அவை கிளம்பும். சிறகை அடிக்காமலே வட்டமடித்து வட்டமடித்து உயரம் ஏறி, பிறகு ஒரே திசையில் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை வானத்தைக் கவனியுங்கள்.

மாலை 4 முதல் 6 வரை இன்னொரு காட்சி. இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஐந்தரை மணிக்கு மேல், ஊரெல்லாம் வீடு திரும்பும் வேளையில், வக்கா மட்டும் வேலைக்குக் கிளம்பும். இரவில் இரை தேடும் கொக்கு அது. பகல் முழுக்க இலைக்குள் தூங்கிக்கொண்டிருந்து, "க்வாக்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வெளியேறும். ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேளையும் முடியும் என்றால் நடுவில் உள்ள நேரத்தைக் கழிக்கக் கீழே வழி சொல்லியிருக்கிறோம்.

மூன்றாம் படி: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி, மாமண்டூர் அருகே பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் படாளம் கூட்டுரோடு வரும். அங்கே வலது கைப்பக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும். திருச்சி, விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்கள் மதுராந்தகம் தாண்டியதும் இடது பக்கம் திரும்புவார்கள். உள்சாலை குறுகலானது. அறுவடைக் காலத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள், மாடும் டிராக்டரும் குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள். ஆறரை மணிக்குக் கரையில் நிற்க வேண்டுமானால் தாம்பரத்தை நாலே முக்காலுக்குள் தாண்டிவிட வேண்டும்.

பேருந்தில் வருவதும் முடியும். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை புறநகர் ரயில், அங்கிருந்து பேருந்து. ஆனால் வேடந்தாங்கலுக்கு நேரடிப் பேருந்து அடிக்கடி கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் காலை வேளையே போய்விடும். அதனால் பேருந்துக்காரர்கள் மாலைக் காட்சியைக் குறிவைப்பது நல்லது. இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பிப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேட்டு வைத்துக்கொள்வது. மூன்று நான்கு பேர் சேர்ந்தால் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ ஆட்டோ பேசிக்கொள்ளலாம். காத்திருப்புக்கும் சேர்த்தே வாடகை பேசுங்கள். ஏரிக்கரையில் திரும்பு ஆட்டோ கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

நான்காம் படி: கையில் என்ன இருக்க வேண்டும்

தொலைநோக்கி. இதை மட்டும் மறக்கவே கூடாது. வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது, 8x42 தொலைநோக்கியில் அலகின் வளைவு வரை தெரியும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10x50 இன்னும் கிட்டே காட்டும். ஆனால் கனம், கையும் நடுங்கும். பொம்மைக் கடையில் விற்கும் சின்னத் தொலைநோக்கி மாலை வெளிச்சத்தில் இருட்டாகிவிடும். சொந்தமாக இல்லாவிட்டால் நுழைவாயிலில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கூட்ட நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாங்கியதும் அதைக் கண்ணுக்கு ஏற்றாற்போல் சரிசெய்துகொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமல்தான் "மங்கலா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு குழாயையும் விரித்து அல்லது நெருக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, ஏதாவது ஒரு கூட்டைப் பார்த்தபடி நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கூட்டைத் தெளிவாக்குங்கள். இனி நாள் முழுவதும் நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பரை உள்ளே மடக்கிவிட்டால் முழு வட்டமும் தெரியும்.

மற்றவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு துண்டு அல்லது பழைய பெட்ஷீட், கொஞ்சம் சில்லறை. உடை பச்சை, பழுப்பு, சாம்பல் மாதிரி மங்கலாக இருக்கட்டும். காலை வேளைக்கு இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வாருங்கள், அதிகாலையில் ஊரில் கடை திறந்திருக்கும் என்று எண்ணி வரவேண்டாம். சாப்பாட்டை வளாகத்துக்கு வெளியே முடித்துக்கொள்வதே முறை. பாலித்தீன் பை கொண்டுபோகாதீர்கள். காற்றில் பறந்து ஏரியில் விழுந்தால் அது கூட்டுக்கே போய்ச் சேரும்.

ஐந்தாம் படி: ஒரே மரத்தின் முன் உட்காருங்கள்

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் எல்லோரும் செய்வது, கரையோடு கடைசி வரை நடந்து, காட்சிக்கோபுரம் ஏறி, நாலு படம் எடுத்துத் திரும்பி வருவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் வேடந்தாங்கல் பிடிபடாது.

நாங்கள் சொல்லும் முறை இது. முதலில் கோபுரத்தில் ஏறி ஐந்து நிமிடம் ஏரி முழுவதையும் பாருங்கள். எந்த மரத்தில் நெரிசல், எந்த மரம் கரைக்குக் கிட்டே இருக்கிறது, சூரியன் எந்தப் பக்கம் என்று கணக்கு வையுங்கள். பிறகு இறங்கி, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, கரைக்கு அருகே நிறையக் கூடுகள் உள்ள ஒரு மரத்துக்கு எதிரில் நிழலில் உட்காருங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் அந்த ஒரு மரம்தான்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் குழப்பமாகவே இருக்கும். அதற்குப் பிறகு மரம் மாடி மாடியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். உச்சியில், கிளை தாங்குகிற இடத்தில், கூழைக்கடாவும் வர்ண நாரையும். கொஞ்சம் கீழே நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன். அதற்கும் கீழே, இலை அடர்ந்த இடத்தில் சின்ன நீர்க்காகமும் கொக்கும். உள்ளுக்குள் ஒளிந்தாற்போல் வக்கா. எப்போதும் இதே வரிசை என்றில்லை, ஆனால் பெரிதாக மாறாது. கனமான பறவைக்கு இறங்கவும் எழும்பவும் திறந்த இடம் வேண்டும். அதனால் உச்சி அதற்கு.

ஒரு நத்தைகுத்தி நாரைக் கூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியில் அலகைப் பாருங்கள், மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்துள்ள அலகால்தான் அது வயலில் நத்தையைப் பிடித்து, கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, தசையை அறுத்துச் சதையை மட்டும் வெளியே இழுக்கிறது. பெரும்பாலும் ஓடு உடைவதுகூட இல்லை. இப்போது அதே கூட்டில் உள்ள குஞ்சின் அலகைப் பாருங்கள், அதில் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். தாயோ தகப்பனோ இறங்கியதும் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்தும். பெரியது குனிந்து, விழுங்கி வந்ததைக் கூட்டிலேயே கக்கும். குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். வெயில் ஏறினால் பெற்றவர்களில் ஒன்று சிறகை விரித்துக் குடை மாதிரி நிற்கும், நிழல் குஞ்சின் மேல் விழும்படி. இதைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு யாருக்கும் எழுந்து போக மனம் வராது.

நவம்பரில் போனால் கூடு கட்டுவதில் நடக்கும் திருட்டைக் கவனியுங்கள். ஒன்று குச்சி கொண்டுவரப் பறந்த நேரத்தில் பக்கத்துக் கூட்டுக்காரர் கழுத்தை நீட்டி இரண்டு குச்சியை உருவிக்கொள்வார். அதனால்தான் எப்போதும் ஜோடியில் ஒன்று காவலுக்கு இருக்கிறது.

யார் யார் என்று அடையாளம் காண

முதல் நாளிலேயே இருபது பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அலகைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் சந்து இருந்தால் நத்தைகுத்தி நாரை. நீண்ட மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், வால்பக்கம் இளஞ்சிவப்பு இறகு என்றால் வர்ண நாரை. நுனியில் கரண்டி மாதிரி தட்டையாக விரிந்தால் கரண்டிவாயன், இதன் குஞ்சுக்கும் பிறந்தவுடன் கரண்டி இருக்காது. கதிர் அரிவாள் போலக் கீழ்நோக்கி வளைந்து, தலையும் கழுத்தும் இறகில்லாமல் கறுப்பாக இருந்தால் வெள்ளை அரிவாள்மூக்கன். அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா, அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கறுப்புப் பறவைகளில்தான் குழப்பம். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகு நேராக, ஈட்டி மாதிரி கூராக இருக்கும். நீந்தும்போது உடல் முழுதும் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, பாம்பு போவதுபோலவே இருக்கும். இரண்டும் சிறகை விரித்துக் காயவைக்கும். வாத்து மாதிரி இவற்றின் இறகு தண்ணீரை முழுவதும் தள்ளுவதில்லை. நனைந்தால் உடல் கனத்து முங்குவதற்கு எளிதாகும், மேலே வந்தபின் வெயிலில் உலர்த்தியாக வேண்டும்.

சாம்பல் நாரை பெரியது, கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தி, வர்ண நாரை, கரண்டிவாயன் எல்லாம் கழுத்தை நீட்டிப் பறக்கும். தூரத்து வானத்தில் நிறம் தெரியாதபோது கழுத்தை வைத்தே பிரித்துவிடலாம். வக்காவின் இளசு பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பதால் பலர் அதை வேறு பறவை என்று எழுதிவைக்கிறார்கள்.

ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் வெகு தூரம் வடக்கிலிருந்து வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும். "வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட இங்கே வருகின்றன" என்று சொல்லக் கேட்டால் நம்ப வேண்டாம். இங்கே கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்பவைதாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு

கைப்பேசியில் மரமும் ஏரியும் அழகாக வரும், பறவை வராது. கேமராவில் 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் ஏமாற்றும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600-க்கு மேல், கூட்டில் இருப்பதற்கு 1/500 போதும். கரும்பச்சை இலைப் பின்னணியில் வெள்ளைப் பறவையை எடுக்கும்போது கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் வரி தெரியாமல் வெறும் வெள்ளையாகப் போய்விடும். எக்ஸ்போஷரை 0.7 அளவுக்குக் குறைத்து வையுங்கள். ஃபிளாஷும் ட்ரோனும் கூடவே கூடாது. ட்ரோன் சத்தத்துக்குக் கூட்டம் மொத்தமாக எழும்பினால், அந்த நேரத்தில் திறந்த கூட்டிலிருக்கும் முட்டைக்குக் காகமும் பருந்தும் இறங்கிவிடும்.

கரையிலும் ஊரிலும் நடந்துகொள்வது

கை தட்டிப் பறவையை எழுப்பிவிட்டுப் படம் எடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. பறவை எழும்பிய கூட்டில் குஞ்சு வெயிலில் கிடக்கும், பத்து நிமிடமே ஆனாலும் அதற்கு ஆபத்து. குழந்தைகளோடு போகிறவர்கள் "எந்தக் கூட்டுல எத்தனை குஞ்சு?" என்று எண்ணும் வேலையைக் கொடுத்துவிட்டால் சத்தம் தானாக அடங்கும். வயதானவர்களுக்கு நடை அதிகமில்லை, கரை சமமானது. கோபுரப் படிதான் கொஞ்சம் சிரமம்.

வயல் வரப்பில் இறங்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஐயா, இந்த வருசம் ஏரி எப்ப நிரம்புச்சு? எந்தப் பறவை முதல்ல வந்துச்சு?" என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் நின்று பேசுவார்கள். மழையும் பறவையும் எப்படி ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதை எந்தத் தகவல் பலகையையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். டீ, இளநீர், வேர்க்கடலை எதுவானாலும் ஊருக்குள்ளேயே வாங்குங்கள். பறவைகளைக் காப்பாற்றும் ஊருக்கு அவற்றைப் பார்க்க வருகிறவர்களால் நாலு காசு போய்ச் சேருவதுதான் நியாயம்.

நடுப்பகலை என்ன செய்வது

காலையும் மாலையும் இரண்டு காட்சியையும் பார்க்க நினைப்பவர்களுக்கு, பத்து மணி முதல் மூன்று மணி வரை போவதற்கு மூன்று இடங்கள்.

கரிக்கிலி, 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதுவும் 2022-இல் ராம்சார் பட்டியலுக்கு வந்த சரணாலயம். திறந்த நீர்ப்பரப்பு அதிகம் என்பதால் வாத்துகளும் உள்ளான்களும் பார்க்க வேடந்தாங்கலைவிட அது நல்லது. கூட்டமும் குறைவு.

உத்திரமேரூர், வடமேற்கே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, ஆட்களைத் தேர்ந்தெடுத்து அமைத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், உறுப்பினர் 6 பேர். ஏரியைக் கவனிக்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்த ஏற்பாட்டைக் கல்லில் படித்துவிட்டு மாலையில் வேடந்தாங்கல் கரைக்குத் திரும்பினால், இந்தப் பகுதியில் ஏரி என்றால் என்ன என்பது நன்றாக விளங்கும். எங்கள் கணிப்பில் மூன்றில் இதுவே முதல்.

மதுராந்தகம், நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. பெரிய ஏரிக்குக் கீழே ஏரிகாத்த ராமர் கோயில். வேடந்தாங்கலுக்குக் கவுல் எழுதிக் கொடுத்த அதே பிளேஸ் துரையின் பெயர் இங்கே தாயார் சன்னதிக் கல்வெட்டில் இருக்கிறது. பெருமழையில் கரை உடையும் தறுவாயில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதை அவர் கண்டார், அதன்பின் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் இங்கே வருவதானால் பதினொரு மணிக்குள் வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாலைக் காட்சியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் தென்மாவட்ட வண்டிகள் மொத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆறு மணிக்குக் கரையை விட்டு இறங்கி அவசரமாக ஓட்டுவதால் ஒன்றும் மிச்சமாகாது. படாளத்திலோ செங்கல்பட்டிலோ இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெதுவாகக் கிளம்புங்கள். சனிக்கிழமையே போய்வந்தால் இந்தத் தொல்லையும் இல்லை.